கட்டுக்கலை சுவிஸ்காரர்

கண்டியில் பனி கொட்டவில்லையே என்று வருத்தப்பட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் போர்டிங்கில் சமைத்தார். தாய் தகப்பன் வைத்த பெயர் ஏதாவது ஒரு கோயில் புத்தகத்தில் இருந்திருக்கும். கட்டுக்கலைத் தெருவுக்கு அவர் சுவிஸ்காரர்.

முப்பதுகளின் தொடக்கம். நான் அப்போது கண்டியில் ஒரு கந்தோரில் கிளாக்கர். சுவிஸ்காரர் அதற்கு முன்னால் மடுல்கெல்லைப் பக்கம் ஒரு துரையின் பங்களாவில் சமையல் அப்புவாக இருந்தவர். துரைசானிக்கு நெஞ்சு பலவீனம். சுவிட்சர்லாந்து மலைக்காற்று நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்புவின் மிளகுத்தண்ணி இல்லாமல் துரைசானிக்குச் சாப்பாடு இறங்காது என்பதால் அப்புவும் கப்பல் ஏறினார். ஒரு வருஷத்துக்குக் கிட்ட அங்கே ஒரு மலைக்கிராமத்தில் இருந்துவிட்டுத் திரும்பினார். அந்தக் கிராமத்தின் பெயரை அவர் இரண்டு தடவை ஒரே மாதிரிச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

பெயர்தான் அப்படியே தவிர, மற்றதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பால்காரன் முதுகில் மரப்பீப்பாயைக் கட்டிக்கொண்டு வருவான். நடுத்தெருவில் ஒரு மரத்தொட்டி, அதில் ஒரு பக்கம் மாடு தண்ணீர் குடிக்கும், மறுபக்கம் பெண்கள் துணி அலசுவார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் சிவப்புப் பூ. ஜன்னலுக்குக் கீழே சீராக அடுக்கிய விறகு.

சொல்வதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்போம். எங்கள் போர்டிங்கையும் அதே மாதிரி ஆக்கிவிடுவது என்று கிளம்பினார். முதலில் விறகு. ஜன்னல் உயரத்துக்கு அடுக்கிவிட்டு, தெருவில் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அடுத்த வாரம் அந்த விறகு வழியாக ஒரு சாரைப்பாம்பு ஏறி, எங்களோடு தங்கியிருந்த யாழ்ப்பாணத்துச் செல்லத்துரையின் கட்டிலில் படுத்துக்கொண்டது.

“ஐயோ, ஓடி வாங்கோ! உங்கட சுவிஸ் பாம்பு என்ர தலகாணியில கிடக்குது!” என்று செல்லத்துரை கதிரை மேல் ஏறி நின்று அலறினார்.

சுவிஸ்காரர் வந்து பார்த்தார். “அங்க பாம்பு ஏறாதுங்க. இது இந்த ஊருப் பாம்போட குணம்” என்றார்.

பிறகு பூந்தொட்டி. மாடி ஜன்னலில் வைத்த தொட்டிகளில் ஒன்று, கீழே போன மடவளைத் துணி வியாபாரியின் குடை மேல் விழுந்தது. அவர் மண்ணைத் தட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். “மழதான் உளும்னு கொட புடிச்சேன். இந்த ஊட்டுல தோட்டமும் உளுகுதே!”

இதையெல்லாம் விட ஞாயிற்றுக்கிழமைதான் கொடுமை. பகல் சாப்பாடு முடிந்ததும் ‘ஸ்பட்சீர்’. அந்த ஊர்ப் பாஷையில் காலாற நடப்பது என்று அர்த்தமாம். வராதவனுக்கு ராத்திரிச் சோறு கிடையாது. வாவியைச் சுற்றுவோம். கட்டுகஸ்தோட்டையில் யானை குளிப்பதைப் பார்ப்போம். “அங்க எல்லாம் இருக்கு, யானைதான் இல்ல” என்று அந்த ஊருக்காக அவரே வெட்கப்படுவார்.

இப்படி இருக்கும்போதுதான் எனக்குச் சம்பந்தம் வந்தது. பெண் திரேசா, மாத்தளைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தகப்பனார் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். தோட்டத்து மாட்டுக்கொட்டில் கூட அவரைக் கண்டால் அமைதியாகிவிடும் என்று பேச்சு. கண்டிக் கோயில் திருநாளுக்கு மகளோடு வந்தவர், மாப்பிள்ளை இருக்கும் இடத்தையும் பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்டிங்குக்கு வந்தார். சாப்பாடு பிரமாதம். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு என்னை விசாரிக்கத் தொடங்குவதற்குள் சுவிஸ்காரர் குடையோடு வந்து நின்றார்.

“கிளம்புங்கய்யா, ஹந்தானைக்குப் போறோம்.”

“மாப்பிள்ளைய விசாரிக்க வந்தேனா, மலைய விசாரிக்க வந்தேனா?”

“நடந்துகிட்டே விசாரிக்கலாங்க. அங்க அப்படித்தான்.”

திரேசா அதற்குள் வாசலில் இறங்கிவிட்டாள். வேறு வழியில்லாமல் தகப்பனார் புதுச் சப்பாத்தோடு பின்னால் வந்தார்.

பாதி மலை ஏறியதும் மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் போனவர் முதுகு தெரியவில்லை. பாதை தேயிலைக்குள் எங்கேயோ தொலைந்தது. மாமனாராக வேண்டியவரின் ஒரு சப்பாத்து சேற்றோடு போயிற்று. காலில் அட்டை ஏறியது.

“பயப்படாதீங்க” என்றார் சுவிஸ்காரர். “இப்படி ஆனா அங்க ஒரு சத்தம் குடுப்பாங்க. எதிர் மலையில இருந்து பதில் வரும்.”

கைகளை வாயில் குவித்து, “யோ-லொ-லொ-லீ-யூ!” என்று ஒரு கத்தல். பதில் இல்லை. இன்னொரு கத்தல். கீழே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் ஏறி வந்தது.

“யாருய்யா அது? மாட்டத் தொலச்சிட்டீங்களா?”

“மாடு இல்ல தாயி, பெரிய கிளாக்கரய்யாவத் தொலச்சிட்டோம்!” என்றார் சுவிஸ்காரர். தொலைந்த பெரிய கிளாக்கர் மூடுபனியில் அவர் முதுகுக்குப் பின்னால்தான் நின்றார்.

திரேசா சிரிக்கத் தொடங்கினாள். நிற்க முடியாமல் ஈரப் புல்லில் உட்கார்ந்து சிரித்தாள். என் கலியாணம் அந்த மலையிலேயே அடக்கமாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

குரல் கொடுத்த அம்மாள் வந்து எங்களை லயத்துக்குக் கூட்டிப்போய், அட்டைக்கு உப்பும் எங்களுக்குப் பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணியும் கொடுத்தாள். தகப்பனார் ஒற்றைச் சப்பாத்தோடு உட்கார்ந்து, “இந்தப் பைத்தியக்காரக் கூட்டத்தில எம் பொண்ணக் குடுக்கமாட்டேன்” என்றார்.

“ஏம்ப்பா?” என்றாள் திரேசா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நம்ம வீட்டுல நான் எப்ப இப்படிச் சிரிச்சேன்?”

தகப்பனார் காலில் உப்பைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் சுவிஸ்காரர் பக்கம் திரும்பினார்.

“அந்த ஊருல அட்ட உண்டா?”

“இல்லீங்கய்யா.”

“அப்ப அங்கயே இருந்திருக்கலாமே நீ!”

“இருந்திருக்கலாங்க” என்றார் சுவிஸ்காரர். “நல்ல சனங்க. ஆனா பேச ஆள் இல்லீங்க. தினமும் சாயந்தரம் மாட்டுக்கிட்டப் போய்த்தான் நம்ம பாஷைல ரெண்டு வார்த்த பேசுவேன்.”

மாமனார் தன் கோப்பையில் மீதி இருந்த சாயத்தண்ணியை அவர் பக்கம் நகர்த்தினார். இறங்கும்போது சுவிஸ்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

அடுத்த தை மாதம் கலியாணம். அன்றைக்கு எடுத்த படம் எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிறது. சிரிக்கக் கூடாது என்று படம் பிடித்தவர் சொன்னதை மாமனார் மட்டும் கேட்டிருக்கிறார். திரேசாவுக்குப் பக்கத்தில், இரவல் கோட்டுக்குள், எல்லாப் பல்லும் தெரிய நிற்கிறவர் சுவிஸ்காரர். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் அவரைக் காட்டி, “இவருதானா பொண்ணோட அப்பா?” என்று கேட்பார்கள்.

திரேசா ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை.