அரூர் கிளைக்கு நான்காம் பதிப்பு

"தேதி ரெண்டு தடவ விழுதுங்க!"

அரூர் கிளை குமாஸ்தா நஞ்சப்பன் போனில் இப்படிச் சொன்னதும் செபாஸ்டின் பேனாவைத் தேடி எடுத்துக் குறித்துக்கொண்டான்.

பாலக்கோட்டு உரக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்த எண்பத்தெட்டாம் வருஷம் அது. கடிதம் அடிக்கிற 'எடிட்டர்' புரோகிராமோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்ய, செபாஸ்டின் 'பேக்கேஜ்' என்று சின்னச் சின்னத் துணை புரோகிராம்கள் எழுதியிருந்தான். ஒன்று தானாகத் தேதி போடும், ஒன்று விலாசம் போடும். பிளாப்பியில் ஏற்றி, வெறுங்கையோடு போவானேன் என்று ஒரு பை தக்காளியும் எடுத்துக்கொண்டு, போன வாரம்தான் அரூரில் கொடுத்துவிட்டு வந்தான். அது ஒழுங்காக ஓடினால்தான் அவன் வேலை நிரந்தரம்.

ராப்பகலாக உட்கார்ந்து இரண்டாம் பதிப்பு எழுதினான். தப்பு தன்மேல் அல்லவா? இந்த முறை பை கூடையாயிற்று.

"அட, எதுக்குங்க இதெல்லாம்?" என்றபடியே நஞ்சப்பன் கூடையை உள்ளே நகர்த்தினார்.

மறுவாரம் மறுபடி போன்.

"தேதி சரியாயிடுச்சுங்க. இப்ப விலாசம் தலகீழா வருது."

விலாசம் தலைகீழாக வர வழியே இல்லை. ஆனாலும் கம்ப்யூட்டர் ஆயிற்றே, எதைத்தான் நம்புவது? விலாச பேக்கேஜைப் பிரித்து மேய்ந்தான். அதை நம்பியிருந்த தேதி பேக்கேஜ் படுத்துக்கொண்டது. மூன்றாம் பதிப்போடு இரண்டு கூடை அரூர் போயிற்று. பாலக்கோட்டிலோ கடிதங்கள் தேதியில்லாமல் கிளம்பின.

மேனேஜர் வெங்கடாசலம் கூப்பிட்டார். "ஏம்ப்பா, நல்லா இருந்ததையும் கெடுத்துட்டியே! அரூர்லேர்ந்து இன்னொரு புகார் வரட்டும், நீ குடோன்ல மூட்ட எண்ணப் போயிடு."

சொல்லி வாய் மூடவில்லை, அரூரிலிருந்து போன் அடித்தது.

"மெசின் கீச்சு கீச்சுனு கத்துதுங்க. ஆபீஸே பயந்து கெடக்குது!"

"மாதாவே!" என்று தலையில் கைவைத்தான் செபாஸ்டின்.

மேனேஜரிடம் கெஞ்சிக் கடைசியாக ஒரு வாய்ப்பு வாங்கிக்கொண்டு, நான்காம் பதிப்பும் தலைச்சுமையாக ஒரு பெட்டித் தக்காளியுமாக, சொல்லாமல் கொள்ளாமல் அரூரில் போய் இறங்கினான். ஆபீஸ் கதவு சாத்தியிருந்தது. வாசலில் வாட்ச்மேன் தீர்த்தன் மட்டும் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"தீர்த்தண்ணே, இதுவும் ஓடலைன்னா என் வேலை போச்சுண்ணே" என்றான். கண் கலங்கிவிட்டது.

தீர்த்தன் இரக்கப்பட்டுப் பெட்டியை இறக்கிவைத்தார். கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அழுவாதீங்க சார். மொத மொத குடுத்தீங்களே, அந்த பிளாப்பிதான் இன்னிக்கும் ஜோரா ஓடுது, மத்தத ஒறகூட பிரிக்கல. அடுத்த வாரம் நஞ்சப்பன் சார் வூட்டுக் கல்யாணம், நாலு பெட்டி தக்காளியாவது வர்ற மாதிரி என்ன கோளாறு சொல்லலாம்னு உள்ள மீட்டிங் நடக்குது."