மீட்டர் மாமாவின் ஏகமனதான வெற்றி

உலகத்தைத் திருத்தக் கிளம்புகிறவர்களில் பல ரகம் உண்டு. சத்தம் போடுகிறவர், துண்டறிக்கை கொடுக்கிறவர், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டோடு இருந்துவிடுகிறவர். இவர்களுக்குள் படு இனிமையானவர் ஆதரவு திரட்டுகிறவர். ஊரைத் தலைகீழாகப் புரட்டவேண்டும், ஆனால் ஒருவர் முகமும் வாடக்கூடாது என்பது அவருடைய ஆசை. நடக்கிற காரியமா? நடத்திக் காட்டினார் மீட்டர் மாமா.

மாமா மருந்துக்கடைக்காரர், நகரசபை உறுப்பினரும்கூட. ஊரிலேயே ஒரே மருந்துக்கடை அவருடையதுதான். ஒருமுறை இருமல் மருந்தை "ரெண்டு கரண்டி" என்று சொல்லிக் கொடுத்தனுப்ப, வாங்கிப்போன மனிதர் குழம்புக் கரண்டியால் இரண்டு அளந்து குடித்துவிட்டு, சொந்த மகளின் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து குறட்டை விட்டார். அன்று பிடித்தது மாமாவுக்கு அளவைப் பைத்தியம். அடி, மைல், பவுண்டு, கெஜம் எல்லாவற்றையும் ஒழித்து, ஊர் முழுக்க மீட்டரும் கிலோவும் லிட்டரும் கொண்டுவராமல் ஓயமாட்டேன் என்று கிளம்பிவிட்டார். யாராவது பேச்சுவாக்கில் "ஒரு மைல் நடந்தேன்" என்றால் போதும், தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒண்ணு புள்ளி ஆறு கிலோமீட்டர்" என்பார். கல்யாண வீடோ சாவு வீடோ, பாகுபாடு கிடையாது.

தீர்மானம் திங்கட்கிழமை சபைக்கு வருவதாக இருந்தது. தோற்றால் அப்புறம் அதை யாரும் தொடமாட்டார்கள். மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு சக உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பார்க்கக் கிளம்பினார், முதலில் ஜவுளிக்கடைக்காரரை.

"கொள்கையெல்லாம் அருமைங்க. ஆனா கெஜத்த விட்டா என் கடைப்பக்கம் ஒரு ஆள் எட்டிப் பாக்கமாட்டான்."

"அதுக்கென்னங்க, துணிக்கு மட்டும் விலக்குக் குடுத்துடுவோம். நீங்க கையத் தூக்கினா போதும்."

"ஒரு கை என்னங்க, ரெண்டையும் தூக்கறேன்."

மாமாவுக்கு ரகசியம் பிடிபட்டுவிட்டது. மனிதர்களுக்குக் கொள்கைமேல் விரோதமே இல்லை. அது அடுத்தவன் கடைக்கு வரட்டும் என்கிறார்கள், அவ்வளவுதானே? தச்சுப் பட்டறைக்காரர், "என் கை இஞ்சுக்குப் பழகினது மாமா" என்று கையை நீட்டிக் காட்டியதும், அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கி இஞ்சை அதிலேயே விட்டுவிட்டு வந்தார். நிலத்தரகருக்கு ஏக்கர் போயிற்று. ரொட்டிக்கடையம்மாவுக்குப் பவுண்டு. பஸ் முதலாளி மைலைக் கேட்டார், கூடவே ஒரு டீ வாங்கிக் கொடுத்தார், மைலும் போயிற்று. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மாமா இன்னும் கொஞ்சம் பூரித்துக்கொண்டு வெளியே வந்தார்.

மாமிக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"ஏங்க, எல்லாருக்கும் விலக்குன்னா சட்டம் யாருக்கு?"

"நீ ஆதரவப் பாரு. விவரத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

திங்கட்கிழமை சபையில் ஒரு கைகூடக் கீழே இல்லை. பத்து வருஷமாக மாமாவோடு முகம் கொடுத்துப் பேசாத எதிர்க்கட்சிக்காரர்கூட எழுந்து நின்று தூக்கினார். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கைதட்டல் அடங்கியதும் தலைவர் ஒரு ஒழுங்குக்காகக் கேட்டார்:

"சரி, இது யாருக்கெல்லாம் பொருந்தும்?"

எழுத்தர் விலக்குகளைப் படித்தார், படித்தார், தண்ணீர் குடித்துவிட்டு மேலும் படித்தார்.

"மிச்சம் இருக்கறது மருந்துக்கடைங்கய்யா."

மருந்துக்கடையிலோ அந்தக் கரண்டிக்கு அப்புறம் மில்லியும் கிராமும் தவிர வேறு எதுவும் புழங்கியதில்லை. அப்படித்தான் மாமாவும் நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அளவை ஆய்வாளர் வந்தார். புதுச் சட்டம், புது ஆள், புதுச் சட்டை. தராசைப் பார்த்தார், மருந்து அளக்கிற மூடிக் குவளைகளைப் பார்த்தார், குறையே இல்லை. கிளம்பும்போது கதவோரம் திரும்பினார். குழந்தைகளின் உயரம் பார்ப்பதற்காகச் சுவரில் ஒட்டியிருந்த ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நெடுக அடியும் அங்குலமும் போட்டிருந்தது.

"குத்தந்தாங்க," என்றார் ஆய்வாளர் வருத்தத்தோடு. ஒட்டகச்சிவிங்கியை உரித்துச் சுருட்டிக்கொண்டு போனார்.

மாமி தலையில் அடித்துக்கொண்டார். மாமாவோ வெறுஞ்சுவரைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"பாத்தியா, சட்டம் வேலை செய்யுது."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சாப்பிடும்போது யாரும் கைபேசியைத் தொடக்கூடாது என்று உங்கள் வீட்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தீர்களே, நினைவிருக்கிறதா? அலுவலக அழைப்பு என்றால் பரவாயில்லை என்றீர்கள். மூத்தவளுக்குப் பாடம் வருகிறது என்றீர்கள். மைத்துனர் வெளிநாட்டிலிருந்து கூப்பிடுவாரே, பாவம் என்றீர்கள். இன்றைக்கு அந்தச் சட்டம், இன்னும் கைபேசியே வாங்கித் தராத கடைக்குட்டிக்கு மட்டும் பொருந்துகிறது.

ஆனால் ஏகமனதாகத்தானே நிறைவேறியது?