வாசித்ததாகக் கொள்ளப்பட்ட மழை

மழை தன் பாட்டுக்குப் பெய்துகொண்டிருந்த காலத்தில், மேகவாடி நாட்டில் அதற்கென்று சட்டம் எதுவும் இருக்கவில்லை. மேற்கே மலை, கிழக்கே மணல், நடுவில் ஒரு சட்டசபை என்று அளவாக அமைந்த நாடு அது. குடிமக்கள் நன்றி மிக்கவர்கள். ஆள்பவர் நல்லது செய்தால் நன்றி சொல்வார்கள். கெட்டது செய்தால், இதோடு விட்டாரே என்று இன்னும் சற்று அழுத்தமாகச் சொல்வார்கள்.

அந்த நாட்டின் ஓடைமேடு தொகுதிக்குப் பொன்னுரங்கம் என்பவர் உறுப்பினராக இருந்தார். வெண்கல மணி போன்ற குரல் அவருக்கு. அந்தக் குரலுக்குச் சபையில் ஒரே ஒரு வேலைதான். எந்தச் சட்டமானாலும் நிறைவேறுமுன் முழுவதும் வாசிக்கப்பட வேண்டும் என்பது விதி. சட்டங்களோ நீளமானவை, உறுப்பினர்களின் பசியோ பொறுமையற்றது. ஆகவே பொன்னுரங்கம் எழுந்து, "வாசித்ததாகக் கொள்ளலாம் என முன்மொழிகிறேன்" என்பார். எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள். சட்டம் பிறந்துவிடும். பிறகு சாப்பாடு.

இப்படித்தான் மழைக் காப்புச் சட்டமும் பிறந்தது. வானத்திலிருந்து இறங்குவதெல்லாம் அரசின் உடைமை என்றது அது. அரசின் உடைமையை அண்டாவில் பிடிப்பது திருட்டு என்று அடுத்து ஓர் ஆணை வந்தது. குடிமக்கள் நன்றி கூறிவிட்டு, மழை வரும்போதெல்லாம் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்தார்கள். குளங்கள் மழையைச் சட்டவிரோதமாகத் தேக்கிவைக்கின்றன என்று அதிகாரிகள் கண்டறிந்து, அவற்றை மண்ணிட்டு மூடினார்கள். அதைத் தொடர்ந்து கிணறுகள் வற்றின. வற்றிய கிணறுகளின் ஒத்துழைப்பைப் பாராட்டி, நாட்டை ஆண்ட நாடாள்வார் சபையில் உருக்கமாகப் பேசினார். பொன்னுரங்கம்தான் நன்றித் தீர்மானம் கொண்டுவந்தார். அதையும் வாசித்ததாகக் கொண்டார்கள்.

பிறகு தேர்தல் வந்தது. ஓடைமேடு தொகுதியைச் சட்ட அமைச்சர் பேரருளாளரின் மைத்துனர் விரும்பினார். நாடாள்வார் பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"உம்மைக் கைவிட மாட்டோம் பொன்னுரங்கம். நீதிபதியாப் போட்டிருக்கோம். நடுநிலையான ஆள் வேணும்னு தேடினோம். உம்மைப் போல இந்தப் பக்கமும் படிக்காம, அந்தப் பக்கமும் படிக்காம யாரு இருக்கா?"

பொன்னுரங்கத்தின் கண்கள் கலங்கின. நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி தையல்நாயகி கறுப்பு அங்கியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் எழுந்து நின்னீங்க. இனிமே உக்காந்துக்கலாம்" என்றாள்.

ஆனால் நீதிமன்றத்தில் வேறொரு வழக்கம் இருந்தது. எந்தச் சட்டப்படி ஒருவரைத் தண்டிக்கப் போகிறோமோ, அந்தச் சட்டத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அவர் முகத்துக்கு நேரே உரக்க வாசிக்க வேண்டும். எந்தக் காலத்திலோ ஒரு ராஜா போட்ட விதி; ஒழிக்க எல்லோரும் மறந்துவிட்டார்கள். முந்தைய நீதிபதிகள் அதைக் கோயில் அர்ச்சனைபோல வாய்க்குள்ளேயே முணுமுணுத்து முடித்துவிடுவார்கள். பொன்னுரங்கத்துக்கு முணுமுணுக்க வராது.

அவர் முன் வந்த முதல் வழக்கிலேயே செங்கமலம் நின்றாள். ஓடைமேட்டில் இட்லிக் கடை வைத்திருப்பவள். மழை பெய்தபோது ஓர் அண்டாவை நிமிர்த்தி வைத்தது குற்றம். அண்டா சாட்சியாக மேசைமேல் இருந்தது. குற்றம் உறுதியானால் கூரையைப் பிரித்துவிடுவார்கள். மழைக்காலம் அடுத்த வீட்டு வாசல்வரை வந்திருந்த நேரம்.

"என்னைத் தெரியுதுங்களாய்யா?" என்றாள் செங்கமலம். "முதல் தடவை ஓட்டுக் கேட்டு வந்தப்ப, வெயில்ல மயக்கம் போட்டு என் கடை வாசல்ல உக்காந்தீங்க. இந்த அண்டாத் தண்ணிதான் குடுத்தேன். மழைத் தண்ணி. சொம்பு சொம்பாக் குடிச்சிட்டு, தேனாட்டம் இருக்குன்னீங்க."

"நீதிபதி திருட்டுப் பொருளைப் பருகியதாக அம்மையார் அவதூறு பேசுகிறார்" என்று அரசு வழக்கறிஞர் எழுந்தார்.

"அப்ப அது திருட்டு இல்லைங்க. அப்ப அது வெறும் மழைங்க" என்றாள் அவள். கூடத்தில் யாரோ சிரித்தார்கள்.

பொன்னுரங்கத்துக்கு நினைவிருந்தது. அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி தொண்டையில் எங்கோ இன்னும் தங்கியிருந்தது. அவர் சட்டத்தைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினார். வாழ்நாளில் அவர் வாசித்த முதல் சட்டம் அது.

"மழை என்பது மேலிருந்து கீழே வரும் அரசு உடைமை. தூறல், சாரல், பனி ஆகியவை அதன் நெருங்கிய உறவினராகக் கருதப்படும். அதிகாரி நனைந்தால் அது பணி. குடிமகன் நனைந்தால் அது ஆக்கிரமிப்பு. கூரை மழையைத் தடுத்து நிறுத்துவதால், அது எல்லாக் குற்றங்களுக்கும் உடந்தை."

வெண்கலக் குரல் கூடத்தைத் தாண்டி வாசலுக்குப் போயிற்று. வாசலில் வண்டிக்காரர்கள் நின்று கேட்டார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஐயா, அந்த உடந்தை வரியை இன்னொரு தரம் வாசிங்க. நம்ம காதுலதான் கோளாறோன்னு பாக்குறேன்" என்றார். நீதிபதி வாசித்தார். கோளாறு காதில் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. முன்மொழிந்தவர் பெயர் என்று ஓரிடத்தில் வந்தபோது, பொன்னுரங்கம் தன் பெயரையும் அதே தெளிவோடு வாசித்தார். வாசித்த பின் கொஞ்ச நேரம் தாளை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

அன்று சட்டம் முடியவில்லை. அடுத்த நாள் கூட்டம் இரட்டிப்பானது. கட்டுச்சோற்றோடு வந்தார்கள். சட்டம் முடியும்வரை தீர்ப்பும் கிடையாது. செங்கமலத்தின் கூரை ஒவ்வொரு நாளாகத் தப்பிக்கொண்டிருந்தது. ஆனால் சட்டத்துக்கும் ஒரு கடைசி வரி உண்டே. கடைசிப் பகுதியை நெருங்க நெருங்க, பொன்னுரங்கத்தின் வாசிப்பு மாட்டு வண்டி மேடேறுவதுபோல ஆயிற்று.

சட்ட அமைச்சர் பேரருளாளர் நீதிபதியின் அறைக்கே வந்துவிட்டார்.

"என்ன பொன்னுரங்கம் இது? சபையில ஒரு மூச்சுல முடிச்ச சட்டத்தை ஊரைக் கூட்டி வச்சுக் கதாகாலட்சேபம் பண்றீரே. ஜனங்க சிரிக்குறாங்க. சட்டம்னா பயம் வரணும்யா, சிரிப்பு வரலாமா?"

"வழக்கம் அப்படி இருக்குதுங்க. முழுசா வாசிச்சாத்தான் தீர்ப்பு."

"அந்த வழக்கத்தை ஒழிச்சிட்டா?"

"அதுக்கு ஒரு சட்டம் வேணுமே."

"அவ்வளவுதானே. நாளைக்கே கொண்டுவந்துடுறோம். ஆனா எழுத ஆள் இல்லை. எழுதுறவனெல்லாம் உம்ம வாசிப்பைக் கேக்கப் போயிட்டான்."

பொன்னுரங்கம் சற்று யோசித்தார். அந்தத் தொண்டைக் குளிர்ச்சி அவரை என்னவோ செய்தது.

"நானே எழுதித் தர்றேனுங்க" என்றார்.

மூன்றே வரி எழுதினார். இனி நீதிமன்றத்தில் சட்டம், சாட்சி, தீர்ப்பு ஆகிய யாவும் வாசித்ததாகக் கொள்ளப்படும். அவ்வாறு கொள்ளப்பட்ட எதையும் பிறகு எவரும் எடுத்து வாசிப்பது நீதிமன்ற அவமதிப்பாகும். தீர்ப்பு நிறைவேறியதா என்று கேட்பதும் அவ்வாறே.

"அடடா, மேல்முறையீடே இல்லாமப் போச்சே" என்று பேரருளாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் வரிக்குமேல் அவர் கண் போகவில்லை. மறுநாள் அமைச்சரின் மைத்துனர் எழுந்து, வாசித்ததாகக் கொள்ளலாம் என்று கீச்சுக் குரலில் முன்மொழிந்தார். மேசைகள் தட்டப்பட்டன. பிறகு சாப்பாடு.

கடைசி விசாரணை நாளன்று வெளியே வானம் எருமைத் தோலாய்க் கறுத்திருந்தது. கூரை பிரிப்பவர்கள் ஏணியோடு வாசலில் நின்றார்கள். பொன்னுரங்கம் ஒரு தாளில் நிதானமாக எழுதினார். மடித்தார். அரக்கு வைத்தார். கூடத்தில் இருந்தவர்கள் அவருடைய குனிந்த தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தீர்ப்பு வாசித்ததாகக் கொள்ளப்படுகிறது" என்றார்.

அரசு வழக்கறிஞர் எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, தீர்ப்பில் என்ன இருக்கிறது என்று..."

"வாசிச்சாச்சே. நீங்க கேக்கலையா? திரும்ப வாசிக்கச் சொன்னா அவமதிப்பு."

வழக்கறிஞர் கேட்டதாகவே சொல்லி உட்கார்ந்தார். அரசு தோற்ற வழக்கு எதுவும் அதுவரை இல்லையாதலால், இதுவும் வென்றதாகவே அவருக்குப் பட்டது.

பொன்னுரங்கம் செங்கமலத்தைப் பார்த்தார். "வீட்டுக்குப் போங்கம்மா. மேகம் இறங்குது. அண்டாவை மறக்காம எடுத்துக்கிட்டுப் போங்க."

அவள் அண்டாவைக் கையில் எடுத்து, அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கும்பிடக் கை உயர்ந்தது. உடனே என்ன நினைத்தாளோ, கையை இறக்கி அண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். வாசலில் ஏணிக்காரர்களிடம், "தீர்ப்பு வாசிச்சாச்சு. நிறைவேறிச்சான்னு கேட்டா உங்களுக்குத்தான் வம்பு. ஏணியை வீட்டுக்குக் கொண்டுபோய் உங்க கூரையைப் பாருங்க, ஒழுகப் போகுது" என்றாள். அவர்கள் வீட்டிலும் தாகம் இருந்தது. போனார்கள்.

அன்று மாலை மழை கொட்டியது. ஓடைமேட்டில் முதலில் ஓர் அண்டா நிமிர்ந்தது. பிறகு பக்கத்து வீட்டுக் குடம். பிறகு தெரு முழுக்க. மழைக் கண்காணிப்பாளர்கள் குடையோடு வந்து பார்த்து, எல்லாம் கவிழ்ந்திருப்பதாக அறிக்கை எழுதினார்கள். அறிக்கையை மேலே வாசித்ததாகக் கொண்டார்கள். கோடை வருவதற்குள் குளங்களில் மண் மெல்ல மெல்லக் குறைந்தது.

நீதிமன்றங்களை விரைவுபடுத்தியதற்காகச் சட்டசபை பொன்னுரங்கத்துக்கு நன்றித் தீர்மானம் நிறைவேற்றிச் சால்வை போர்த்தியது. மழைக் காப்புச் சட்டம் உலகுக்கே முன்மாதிரி என்று நாடாள்வார் இன்றும் மேடைதோறும் பேசுகிறார், குடிமக்கள் கைதட்டுகிறார்கள்.

எதற்கெடுத்தாலும் நன்றி சொல்லும் அந்த மக்கள், பொன்னுரங்கத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சொன்னால் எதற்கென்று யாராவது கேட்பார்கள் அல்லவா?

அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் மழை. காலையில் தையல்நாயகி கதவைத் திறந்தபோது, படியில் ஒரு சொம்பு இருந்தது. மேலே வாழையிலைத் துண்டு மூடி. உள்ளே தெளிந்த தண்ணீர். தெருவில் ஒருவரும் இல்லை.

"யாரு வச்சாங்கன்னே தெரியலையே. யாருக்குன்னு போய் நன்றி சொல்றது?" என்றாள்.

பொன்னுரங்கம் சொம்பை வாங்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"சொன்னதாகக் கொள்ளலாம்" என்றார்.