ருக்கையாவுக்கு ஒரு காலிங்பெல் பட்டன்

தோ பாயோ, சிங்கப்பூர்
வியாழக்கிழமை, செப்டம்பர் 1985

அன்புள்ள தங்கச்சி ஆனிக்கும் மாப்பிள்ளை பெர்னார்டுக்கும் அண்ணன் சவரிராஜ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அண்ணி அல்போன்சம்மாளும் சுகம். என் முதுகு, கண், நிம்மதி மூன்றும் சுகமில்லை. ஈப்போவில் நீங்கள் எல்லோரும் என்னைப்போல் இல்லாமல் நன்றாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

விஷயம் இதுதான். உங்கள் வீட்டுப் பின்னறையை எனக்காக ஒழித்து வை. நாளைப் பொழுது முடிந்ததும் ராஜினாமா கொடுத்துவிடப்போகிறேன்.

கை கால் சொன்ன பேச்சுக் கேளாத பிள்ளைகள் படிக்கிற எங்கள் பள்ளிக்கு யாரோ புண்ணியவான் ஒரு கம்ப்யூட்டர் கொடுத்தார். பிரின்சிபல் அம்மா டீ பார்ட்டி வைத்து, "யார் இதைக் கத்துக்கப்போறீங்க?" என்று கேட்டபோது சின்னவயசு டீச்சர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் மட்டும் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலிருந்த கறிபாப் பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சவரிராஜ் சாருக்குத்தான் எவ்வளவு ஆர்வம்" என்று சொல்லிவிட்டார். ரிட்டையர் ஆகிற வயசில் மாலை வகுப்பு. சொல்லிக்கொடுத்த லிம் என் மகனைவிடச் சின்னவன். நான் விரலை நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து, "பயப்படாதீங்க அங்கிள், கடிக்காது லா" என்றான்.

இதெல்லாம் ருக்கையாவுக்காக. பதின்மூன்று வயசு, சக்கர நாற்காலி, பேச்சு வராது, பென்சில் பிடிக்க முடியாது. இடது முழங்கால் ஒன்றுதான் அவள் சொன்னபடி கேட்கும். இத்தனை வருஷமாக என் வகுப்பில், நான் கரும்பலகையில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். படிக்க முடியாத பிள்ளை என்று அவள் பேருக்கு நேராக எழுதி வைத்துவிட்டார்கள். நாளை வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். அவளே ஒரு வாக்கியம் எழுதிவிட்டால் படிப்பு வகுப்புக்கு மாற்றுவார்கள், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வேறு பள்ளிக்குப் போகும், அவள் இருந்த இடத்திலேயே இருப்பாள். தினமும் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலிலேயே நிற்கிற அவள் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "பசிக்குது, பசிக்கலன்னு அவளா ஒரு தடவை சொல்லிட்டா போதும் சார். நானா நெனச்சிக்கிட்டுத்தான் ஊட்டிவிடுறேன்" என்றார். அதற்குமேல் நான் எப்படி மாட்டேன் என்பேன், சொல்லு.

திரையில் இங்கிலீஷ் எழுத்துகள் வரிசையாக நிற்கும். ஒரு வெளிச்சம் அவற்றின்மேல் ஒவ்வொன்றாகத் தாவிப் போகும். வேண்டிய எழுத்துக்கு வந்ததும் பட்டனை அமுக்கினால் அந்த எழுத்து கீழே பதியும். பட்டன், தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய காலிங்பெல் பட்டன். லிம் ஒயர் பூட்டிக் கொடுத்தான், நான் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் கட்டினேன். ஆனால் அந்த வெளிச்சத்தைத் தாவ வைக்கப் பக்கம் பக்கமாக டைப் அடிக்கணும், ஒரு கமா விட்டாலும் மிஷின் கோவிச்சுக்கும். சனிக்கிழமைகளில் அண்ணியைப் பள்ளிக்குக் கூட்டிப்போய், அடிக்க வேண்டியதை வாசிக்கச் சொன்னேன். அவள் பழக்கதோஷத்தில் பிரார்த்தனை ராகத்தில் வாசிக்க, நானும் வரிக்கு வரி "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லிக்கொண்டே அடித்தேன்.

அடித்ததெல்லாம் ஒரு கறுப்பு அட்டைக்குள் போய்விடும். பிளாப்பின்னு பேர். அந்த அட்டையைப் பத்திரமா வைக்கணுமேன்னு வீட்டு மாதா பீடத்தில் வைத்து, மேலே அந்தோனியார் சுரூபத்தை நிறுத்தினேன். நீ கார்ல ஒட்டிக்கச் சொல்லி வாங்கிக் கொடுத்தியே, அடியில காந்தம் வச்ச சுரூபம், அதேதான். மறுநாள் பார்த்தால் அட்டையில் ஒன்றுமில்லை. "காந்தம் பட்டா எல்லாம் அழிஞ்சிரும் அங்கிள்" என்கிறான் லிம். ஊரெல்லாம் காணாமற்போன சாமானைத் தேடிக் கொடுக்கிறவர் என் வேலையை மட்டும் காணாமலாக்கிவிட்டார். உன்மேல் எனக்குக் கோபமில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். மறுபடி முதலிலிருந்து அடித்தோம். அண்ணி இந்தத் தடவை ராகமில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தாள்.

இன்று ஒத்திகை. ருக்கையா பயப்படக் கூடாதேன்னு நான் பக்கத்தில் நின்று பாடினேன். உனக்குத் தெரியுமே, கோயிலில் என்னைப் பின்வரிசையில்தான் நிறுத்துவார்கள். ஆனால் இந்தப் பிள்ளைக்கு என் பாட்டு உயிர். நான் தொண்டையைக் கனைத்தாலே போதும், உடம்பெல்லாம் ஆடும், சத்தம்போட்டுக் கத்துவாள். அவளுக்காகவே தினமும் பாடுவேன். இன்றும் அப்படித்தான் கத்தினாள், ஆடினாள். முழங்காலும் சேர்ந்து ஆடியதில் திரை நிறைய அர்த்தமில்லாத எழுத்து. இன்னும் உற்சாகப்படுத்தலாம் என்று நான் சத்தத்தைக் கூட்ட, எழுத்தும் கூடியது. அவள் அம்மா வாசலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது ஆனி. அந்தப் பிள்ளை மனசுதான் எனக்கு அத்துப்படியாச்சே, நடுவுல எதுக்கு ஒரு மிஷின்? இந்த வயசுல எனக்கு முடியல. போதும்.

மாப்பிள்ளைக்கு என் ஸ்தோத்திரம். பிள்ளைகள் நெற்றியில் எனக்காகச் சிலுவை போடு. பின்னறை மின்விசிறி சத்தம் போடாமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு
உன் அண்ணன் சவரிராஜ்

பின்குறிப்பு: தபால்தலை வாங்க மறந்து கடிதம் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. இன்று வெள்ளிக்கிழமை. அறையை ஒழிக்க வேண்டாம்.

அதிகாரிகள் வந்து உட்கார்ந்ததும் பயத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பாட வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. சரி, எல்லாம் போச்சு என்று நின்றேன். ருக்கையா ஆடவில்லை, கத்தவில்லை. வெளிச்சம் போவதையே பார்த்துக்கொண்டிருந்து, முழங்காலால் ஒவ்வொன்றாக அமுக்கினாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காத வாக்கியம். கரும்பலகையைப் பார்த்தே எழுத்தெல்லாம் கற்றிருக்கிறாள். "ப்ளீஸ் சார் டோன்ட் சிங்."

அதிகாரிகள் சிரித்தார்கள். பிறகு ருக்கையா சிரித்தாள். அது மெல்லிய, மூக்கால் வருகிற சிரிப்பு. இதுவரை நான் கேட்டதே இல்லை. அப்படியென்றால் இத்தனை நாள் கத்தியது என்னவென்று உனக்குப் புரியும். எனக்கும் புரிந்தது. வீட்டில் சொன்னேன், "பாடாதீங்கன்னு நான் சொன்னப்ப கேட்டீங்களா?" என்றாள் அண்ணி.

ருக்கையாவைப் படிப்பு வகுப்புக்கு மாற்றுகிறார்கள். கம்ப்யூட்டரும் இருக்கும், நானும் இருப்பேன். எல்லோரும் போனபிறகு அவள் அம்மா வழக்கம்போல் வாசலில் வந்து நின்றார். ருக்கையா மறுபடி அமுக்க ஆரம்பித்தாள்.

"என்ன சார் எழுதுறா? பசிக்குதாமா?"

"இல்லம்மா. 'உம்மா சிட்'னு எழுதியிருக்கா. உங்கள உக்காரச் சொல்றா."

அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குப் பாட வேண்டும்போல் இருந்தது. பாடவில்லை.