போத்தல் நீலமாகும் வரை

"செங்கல் நிறம்," என்றார் டாக்டர் நவரட்ணராஜா, கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி. "வடிவாப் பாருங்கோ, முதலாளி."

ஸெய்னுலாப்தீன் முதலாளி பார்த்தார். கண்டிக் கடைத்தெருவில் இருபது வருஷமாகப் புடவை விற்கிறவருக்கு நிறத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காலையில் வீட்டிலிருந்து போத்தலில் வந்த சிறுநீரில் சில சொட்டை நீல மருந்தில் விட்டுச் சூடுகாட்டியதும், அது மட்டமான சாயச் சேலை மாதிரி பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல்லாய் நின்றுவிட்டது.

"கொஞ்சம் மஞ்சள் எண்டு எழுதேலாதா, டாக்டர்?"

"இது பேரம் பேசுற இடமில்லை. உங்கட நீரிலை சீனி போகுது. நீலம் நீலமாவே நிண்டால்தான் கடிதம் தருவன்."

கடிதம் இல்லையென்றால் கப்பல் இல்லை. ஹஜ்ஜுக்குப் போகிறவர்களில் நாற்பத்தைந்து தாண்டியவர்கள் டாக்டர் கடிதம் காட்டவேண்டும் என்று ஏஜன்டு கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டான். முதலாளிக்கு நாற்பத்தொன்பது. கூடப் போகிற மனைவி உம்மு குல்சுமுக்கு நாற்பதுதான். அவளுக்கு ஒரு தொல்லையும் இல்லை. பதினைந்து வருஷமாகத் தள்ளித் தள்ளிப் போன பயணம். கப்பலுக்கு இன்னும் இரண்டே மாதம்.

"இதுக்கு என்ன செய்யிற?"

"நடவுங்கோ. காலமையும் பின்னேரமும் வாவியைச் சுத்தி நடவுங்கோ. சோறு பாதி. இனிப்பைக் கண்ணாலையும் பாக்கப்படாது. ரெண்டு கிழமைக்கு ஒருக்கால் போத்தல் அனுப்புங்கோ."

போத்தல் விஷயத்தில் முதலாளி செய்ததெல்லாம் கொஞ்சம்தான். விடியற்காலையில் அதை நிரப்பிப் பின்வாசல் படியில் வைப்பார். பிறகு அது இருக்கிற திசையைக்கூடப் பார்க்காமல், குளித்துச் சுத்தமாகிப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். டாக்டரிடம் சேர்ப்பது, கலஹாத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வீட்டுவேலைக்கு வந்திருந்த மூக்காயியின் பொறுப்பு.

முதல் நாள் நடை, முதலாளியை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிற பக்கத்துக் கடை மக்கீனிடம் மாட்டிக்கொண்டது.

"ஸெய்ன் நானா! நடந்தா வாறீங்க? ரிக்‌ஷாக்காரன் மௌத்தாப் போனானா?"

"சும்மா நடக்கிறேன்."

"சும்மாவா?" மக்கீனின் முகம் ஜனாஸா வீட்டில் துக்கம் விசாரிக்க வந்தவன் முகம்போல் ஆயிற்று. "உங்கட வயசில யாரு நானா சும்மா நடக்கிற? வாங்க உள்ளுக்கு. தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்."

வேண்டாமென்றால் மனஸ்தாபம். காரணம் சொன்னாலோ, மக்கீன் வாயில் விழுந்த விஷயம் அஸர் தொழுகைக்கு முன்னால் ஏஜன்டு காதில் விழுந்துவிடும். முதலாளி குடித்தார். தேயிலை நிறத்தில் இருந்த சீனிப்பாகு அது. அன்று வாவியை ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் நாலு பேர் கூப்பிட்டார்கள், நாலு கோப்பை.

இதற்கு ஒரு வழி வேண்டுமே. மறுநாள் இரண்டு கட்டு மஸ்லின் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வேலையாகப் போகிறவனை எவன் மறிப்பான்?

ஒரு வெள்ளைக்கார நோனா மறித்தாள். வாவிக்கரைப் பங்களாவின் படியில் நின்று, தெருவில் துணி விற்கிறவனைக் கைதட்டிக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள். முதலாளி காது கேளாதவர்போல் நாலு அடி போனார். "அந்தத் துணி மட்டம்," என்று அவள் சமையல்காரன் பின்னாலிருந்து சொன்னான். அவ்வளவுதான். வியாபாரி ரத்தம் திரும்பி நின்றது. "எதடா மட்டம்?" நடக்க வந்த கால்கள் ஒரு மணித்தியாலம் அந்தப் படியிலேயே மரமாய் நின்றன. துணி விற்றது, நடை போயிற்று.

மறுநாள் மக்கீன் தழுதழுத்தான். "நானா, கடைய மூடப்போறீங்களாமே? தோள்ல சுமந்து விக்கிறீங்களாமே? எங்களுக்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு கரண்டி சீனியைத் தேத்தண்ணியில் போட்டான்.

இரண்டாவது போத்தல், முதல் போத்தலைவிடச் சிவந்தது.

"டாக்டர், இது புதுச் செங்கல்."

"ஓம். இனிப்புத் தொட்டனீங்களோ?"

அதன்பிறகு முதலாளி ஊரையே விட்டுவிட்டார். தன்னை அறியாத ஊரில்தான் மனிதன் நிம்மதியாக நடக்கலாம் என்று கண்டு, மழையிலும் பேராதனை வரை நடந்து திரும்பினார். வழியில் பேச்சுத்துணைக்குச் சாவைப் பற்றிய யோசனை ஒன்றுதான் இருந்தது. தொப்பை வற்றியது. செருப்பு இரண்டு ஜோடி தேய்ந்தது.

வீட்டில் வேறொரு சோதனை. தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து உம்மு குல்சும் அவிக்கிற வட்டிலாப்பம் கம்பளை வரைக்கும் பேர்போனது. வெள்ளிக்கிழமை ஆவி பறக்க வந்து முன்னால் உட்காரும். ஆக்கினதை வீசினால் பரக்கத்தும் அருளும் போய்விடும். முதலாளி தன் தட்டை மனைவி பக்கம் தள்ளினார்.

"எனக்குப் பதிலா நீ சாப்பிடு."

"எனக்கு வேணாங்க. என்னமோ ஒடம்பு அலுப்பா ஈக்குது."

"நீ சாப்பிட்டா நான் சாப்பிட்ட மாதிரி. எனக்குப் பாத்தாவது மனசு ஆறட்டும். சாப்பிடு, குல்சும்."

அவள் மறுத்துப் பேசிப் பழகாதவள். சாப்பிட்டாள். பிறகு ஒரு கூஜாத் தண்ணீரையும் குடித்தாள். வளையல் முழங்கைவரை வழுக்கிப் போவதை முதலாளி கவனித்தார். 'என்னை நினைச்சே இவள் உருகிப் போறாளே!' மறுநாளே தேன்போல் தித்திக்கிற கித்துள் பாணி ஒரு போத்தல் வாங்கிவந்து, காலை மாலை ஊட்டாத குறையாகக் கொடுத்தார்.

"இதெல்லாம் எனக்கு என்னத்துக்குங்க?"

"கப்பல்ல போறதுக்குத் தெம்பு வேணாமா?"

மூன்றாவது போத்தலைச் சூடாக்கியபோது டாக்டரே ஒரு அடி பின்வாங்கினார்.

கப்பலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது முதலாளி டிஸ்பென்சரிக் கதிரையில் போய் விழுந்தார். செத்தபின் தன் மய்யித்தைச் சுற்றுகிற துணியை எந்தக் கட்டிலிருந்து வெட்டலாம் என்றுகூட யோசித்து வைத்துவிட்டார். கடையில் இருந்ததிலேயே நல்லதை எடுக்க மனசு வரவில்லை.

"எழுதிவிடுங்க, டாக்டர். ஊசியா, ஆஸ்பத்திரியா, எதா இருந்தாலும்."

நவரட்ணராஜா நாடி பிடித்தார், நாக்கைப் பார்த்தார், பாதத்தை ஊசியால் குத்தி, முதலாளி துள்ளியதைக் கண்டு தலையாட்டினார். "உடம்பு குதிரை மாதிரிக் கிடக்கு. போத்தல் மட்டும் சூளையிலிருந்து வருது. எனக்கு விளங்கேல்லை. உந்தத் தட்டிக்குப் பின்னாலை போய், இப்பவே இதிலை தாருங்கோ."

முதலாளி வெட்கப்பட்டுக்கொண்டே தந்தார். மருந்து கொதித்தது. நீலம். இன்னும் கொதித்தது. நீலம்தான். அவர் கடைக்கு வந்த பட்டு எதிலும் அப்படியொரு நீலம் இல்லை.

"டாக்டர்?"

"ஒரு பொட்டுச் சீனி இல்லை! வீட்டிலை எந்தப் போத்தலிலை அனுப்பினனீங்கள்?"

"சர்பத்துப் போத்தல்."

"கோதாரி! கழுவாத சர்பத்துப் போத்தலுக்கே ரெண்டு மாதமா வைத்தியம் பாத்தனான்?" டாக்டர் சிரித்துக்கொண்டே கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முதலாளி அன்று ரிக்‌ஷாவில்தான் வீட்டுக்கு வந்தார். வழியில் ஒரு பெட்டி மஸ்கட் அல்வா வாங்கினார். நெய் சொட்டுகிற முதல் துண்டைத் தன் வாயில் போட்டார்; படுக்கையிலிருந்து எழுந்திருக்க மாட்டாமல் சுவரில் சாய்ந்திருந்த குல்சுமின் வாயில் இரண்டாவதை ஊட்டினார்; "ஹஜ்ஜுக்குப் போறோம், புள்ள!" என்று மூன்றாவதையும் ஊட்டினார்.

பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிப் பொய்க் கோபத்தோடு கத்தினார்:

"மூக்காயி! போத்தலக் கழுவாம கொண்டுபோய் என்னைக் கொல்லப் பாத்தியா?"

மூக்காயி கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"கழுவாம என்னங்க, முதலாளி? ஆம்பளை மூத்திரத்தத் தூக்கிக்கிட்டுத் தெருவுல போறதுக்கு எனக்குக் கூச்சமா இருந்திச்சுங்க. அதக் கொட்டிப்புட்டு, சுடுதண்ணியில மூணு தரம் அலசி, ஒவ்வொரு வாட்டியும் நம்ம அம்மா ராவுல மூத்திரம் போற சட்டியில இருந்துதாங்க ஊத்திக்கிட்டுப் போனேன். ஒரே பானைச் சோறு திங்கிறவங்கதானே, ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"