ஹனீபாவின் உளி

சுழலும் பலாக்கட்டையில் வைத்த மாத்திரத்தில் ஞானையனின் மூன்றாவது உளியும் வாய் உடைந்தது. தெறித்த துண்டு பட்டறையின் ஓலைக்கூரையில் சொருகி நின்றது.

அன்று வியாழன். சனிக்கிழமை பங்குச்சாமியார் வருவார். கோயிலில் நன்மை என்கிற நற்கருணை வாங்குகிறவர்கள் முழங்காலிடும் அழிக்கு, அந்த மரத்தடுப்புக்கு, நாற்பத்தெட்டுக் கால் கடைய வேண்டும். ஞானையன் ஒரு கால், அடுத்த வீட்டு ஹனீபா ஒரு கால், மாதிரி காட்ட வேண்டும். எது வழுவழுப்போ அதைக் கடைந்தவனுக்கு வேலை. கோட்டாற்றில் கடைசல்காரர் இவர்கள் இருவர்தான். இதுவும் கைவிட்டால் ஞானையன் அருமனைக்கு ரப்பர் பால் வெட்டப் போக வேண்டியதுதான்.

"சூடு கூடிப்போச்சு," என்றாள் அவன் மனைவி வியாகுலம்மாள். கொளச்சலில் தூண்டில் முள் அடிக்கிறவரின் மகள். "நான் ஒருக்கா துவைச்சல் போட்டுத் தரட்டா?"

காய்ச்சிய இரும்பை முக்கி இறுக வைப்பதுதான் துவைச்சல். அது சரியாக அமைந்தால் உளி பிழைத்தது.

"பொம்பிளை கை பட்ட உளி மரத்துல நிக்குமா? போயி மீனை அரியுட்டி."

அவள் போனாள். அடுத்த வீட்டிலிருந்து ஹனீபாவின் கடைசல் சத்தம் சீராக வந்தது. ஆறு மாதம் முன்புவரை அவன் உளிகளும் உடைந்துகொண்டுதான் இருந்தன. அந்த நாட்களில் ஞானையனுக்கு நல்ல தூக்கம்.

"ஏட்டி, நீ தெனமும் ஜைனம்புகிட்ட பாய் முடையப் போறியல்லா? அவ மாப்பிள ஹனீபா உளியை எதுல முக்குதான்னு பாத்துட்டு வா."

"பாத்ததை வந்து சொன்னா துரோகமில்லையா?"

"தொழில்ல என்னத்த துரோகம்?"

"செரி."

ஒரு மணி நேரத்தில் திரும்பினாள். விரல் நுனியெல்லாம் கரி.

"இதென்ன?"

"அவளுக்குச் சட்டி கழுவிக் குடுத்தேன். எண்ணெயிலதான் முக்கது."

ஞானையன் விளக்குக்கு வைத்திருந்த சுறா எண்ணெயைச் சட்டியில் ஊற்றினான். இரும்பை வெளுக்கக் காய்ச்சி முக்கினான். எண்ணெய் குப்பென்று பிடித்தது. இடது புருவம் போயிற்று. கூரையில் நெருப்பு ஏறுமுன் வியாகுலம்மாள் குடத்தோடு வந்துவிட்டாள்.

"செங்கல் நெறத்துல எடுத்து முக்கணும்," என்றாள்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"மொதல்லயே சொல்லப்படாதா?"

"எதுலன்னுதான கேட்டிய."

வெள்ளிக்கிழமை உளி செய்ய இரும்பு இல்லை. அவளுடைய மீன் கத்தியை எடுத்தான். செங்கல் நிறம் வந்ததும் முக்கினான். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆனந்தமாகச் சாணைக்கல்லில் வைத்து அழுத்தினான். கத்தி இரண்டாக முறிந்தது.

"துவைச்ச பெறகு திரும்பவும் லேசா சூடு காட்டணும். வைக்கோல் நெறம் வாறது வரைக்கும்."

"அதையும் பாத்தியா?"

"பாத்தேன். இனி மீனை எதுல அரிய? ஒங்க வாயிலயா?"

சனிக்கிழமை காலையில் ஞானையனிடம் இரும்பும் இல்லை, வீராப்பும் இல்லை. தெருவில் யாரும் பார்த்துவிடாமல் ஹனீபா வீட்டுக் கொல்லைப்புறமாகப் போனான். ஹனீபா உளிகளை வரிசையாக வைத்துக்கொண்டு உலையருகே யாருக்கோ காத்திருப்பவன்போல் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"என்ன வே, ஒரு புருவத்தைக் காணோம்?"

"அதை விடும். நாப்பத்தெட்டும் நீரே கடையும். உமக்கு உளி துவைச்சுத் தாறது யாருன்னு மட்டும் சொல்லும். நீரா துவைக்கிறதில்லன்னு இப்பதான் தெரியுது."

ஹனீபா தலையைச் சொறிந்தான். "சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"வடசேரி ஆளா?"

"பக்கத்துலதான்."

"எனக்குத் தெரியாத கொல்லனா?"

"நல்லாத் தெரியும்."

"நான் கேட்டா செய்வானா?"

"நீரு கேக்கணும்லா," என்றான் ஹனீபா.

அப்போது பின்வேலிப் படல் கிரீச்சிட்டது. அடுப்படியிலிருந்து ஜைனம்பு எட்டிப் பாராமலே குரல் கொடுத்தாள்:

"வந்திட்டியா வியாகுலம்? உலை காஞ்சு கெடக்குட்டி. எங்க ஆளுக்க நாலு உளியையும் துவைச்சிட்டு, மிச்சக் கரியில ஒனக்க ஆளுக்கும் ஒண்ணு அடிச்சிரு, பாவம்லா!"