மூன்று வீசை விண்ணப்பம்

வாசல்புரி என்றொரு நாடு இருந்தது. அங்கே வெயில் உண்டு, மழை உண்டு, மகுடேந்திரர் என்றொரு மன்னரும் உண்டு. வெயிலும் மழையும் வரும், போகும். மன்னர் வந்தவர் வந்தவர்தான். எங்கள் நன்மைக்காகவே வந்தவர் என்பதால், எப்போது போவார் என்று யாரும் கேட்டதில்லை.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்பவர்களுக்கு ஒரே பதில்: மனைத்துறை அலுவலகத்துக்கு எதிர்வீடு எங்களுடையது. வீட்டில் ஜன்னல் இருக்கிறது.

எங்கள் தெருவில் தனபாக்கியம் என்றொரு வீட்டுத் தரகர் இருந்தாள். பாக்கியக்கா என்றால்தான் ஊருக்குத் தெரியும். எந்த வீடு காலியாகப் போகிறது என்பது குடியிருப்பவருக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். எனக்கு அதற்கும் முன்பே தெரியும். ஆனால் நான் தரகு வாங்குவதில்லை.

ஆவணியில் அடித்த காற்றில் கூடை முடையும் சிங்காரத்தின் கூரை விழுந்தது. மனைவி பச்சையம்மாளுக்கு அப்போது ஏழாம் மாதம். இருவரும் சட்டி பானையோடு தெருமுனையில் ஒரு மாட்டுவண்டிக்கு அடியில் குடியேறினார்கள்.

"ஐப்பசி மழைக்கு முன்னாடி உன்னை ஒரு கூரைக்குள்ள உட்கார வெச்சிடுறேன்டி" என்று பாக்கியக்கா வாக்குக் கொடுத்தாள்.

கொடுத்த மறுநாள் முரசு அறைந்தார்கள்.

"உரிமம் இல்லாத தரகர்களால் மக்கள் ஏமாற்றப்படுவதறிந்து மன்னர் மூன்று நாள் சரியாக உணவருந்தவில்லை. ஆகவே இன்று முதல் உரிமம் பெறாத எவரும் காலி வீட்டை விரலால் சுட்டுவதோ, கண்ணால் சாடை காட்டுவதோ குற்றம்!"

எங்களுக்காகப் பட்டினி கிடந்த மன்னரை நினைத்து நாங்கள் உருகிப்போனோம். மறுவாரம் இன்னொரு ஆணை வந்தது: வாசலில் 'வாடகைக்கு' என்று பலகை மாட்டுவதும் சுட்டுவதற்குச் சமம். பலகைகள் இறங்கின. வண்டியிலிருந்து நாற்பதடி தூரத்தில் நீலக் கதவு வீடு காலியாகக் கிடந்தது. அந்த வீட்டுக்காரர் வாசலில் நின்று வண்டியைப் பார்ப்பார். சிங்காரம் வண்டியடியிலிருந்து அவரைப் பார்ப்பான். சட்டத்தை மதித்து இருவரும் பேசிக்கொள்வதில்லை.

உரிமம் வாங்கிவிடுவது என்று பாக்கியக்கா கிளம்பினாள். முதலில் நூறு மணி நேர வகுப்பு. உரிமம் உள்ளவர்தான் பாடம் நடத்தலாம். நாட்டில் யாரிடமும் உரிமம் இல்லை. மனைத்துறை அமைச்சர் பட்டயநாதர் பெரிய மனதோடு தம் மைத்துனருக்கே முதல் உரிமத்தை வழங்கி அந்தச் சிக்கலைத் தீர்த்தார். மைத்துனர் கதவைப் பற்றி அறுபது மணி நேரமும் ஜன்னலைப் பற்றி நாற்பது மணி நேரமும் பேசினார்.

பிறகு விண்ணப்பம். உரிம அதிகாரி தாண்டவராயர் அதை வாங்கித் தராசில் வைத்தார்.

"இது என்ன அம்மா?"

"விண்ணப்பங்க."

"இது விண்ணப்பமல்ல. கால் வீசை. விண்ணப்பம் என்பது மூன்று வீசை."

"எழுத வேண்டியதெல்லாம் எழுதியிருக்கேனுங்களே."

"எழுதியதை யார் கேட்டார்கள்? அத்தனையையும் படித்துக்கொண்டிருந்தால் அரசு இயங்குவது எப்போது? எடை போட்டால் ஒரு நொடியில் நீதி கிடைத்துவிடும். நாட்டில் ஏதேனும் ஒரு வீட்டுக்கு மூலப்பத்திரத்திலிருந்து வில்லங்கம் பார்த்து, நகல்களை இணைத்து வா."

பச்சையம்மாளுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது. பாக்கியக்கா ஆவணக் கிடங்குக்கு ஓடினாள்.

"இருக்கிறதுலயே தடிமனான கட்டு எதுங்கண்ணே?"

கிடங்குக்காரர் மூலையிலிருந்த பட்டுத்துணி மூட்டையைக் காட்டினார். "அரண்மனைக் கட்டு. நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து யாரும் பிரிச்சதில்ல. தும்மல் வரும், பாத்துக்க."

பதினோரு நாள் உட்கார்ந்து நகல் எடுத்தாள். பத்திரம் என்றால் வரி விடாமல் படித்துவிடுகிற பழக்கம் அவளுக்கு; தொழில் அப்படி. பன்னிரண்டாம் நாள் பேயறைந்த முகத்தோடு திரும்பி வந்தாள்.

"என்ன பாக்கியம், வில்லங்கம் ஏதாவது இருக்கா?" என்று ஜன்னலிலிருந்து கேட்டேன்.

"இருக்குக்கா. நல்லாவே இருக்கு."

நகல் கட்டை இடுக்கிக்கொண்டு எதிரே அலுவலகத்துக்குள் போய்விட்டாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தராசுத் தட்டு மூன்று வீசையைத் தாண்டி இறங்கியது. தாண்டவராயர் முகம் மலர்ந்து, கட்டைப் பிரிக்காமலே முத்திரை குத்தினார்: 'இணைப்புகள் யாவும் அரசால் சரிபார்க்கப்பட்டு உண்மையென ஏற்கப்பட்டன.'

உரிமம் கைக்கு வந்த கையோடு பாக்கியக்கா நடுத்தெருவில் நின்று நீலக் கதவை விரல் நீட்டிக் காட்டினாள். தெருவே கைதட்டியது. அன்று மாலையே பச்சையம்மாள் அங்கே பால் காய்ச்சினாள். பால் பொங்கும்போது வெளியே ஐப்பசியின் முதல் மழை விழுந்தது. மூன்றாம் நாள் பெண் குழந்தை.

நான்காம் நாள் பாக்கியக்கா ஒரு பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அரண்மனைப் பக்கம் போனாள். எனக்கும் அந்தப் பக்கம் கீரை வாங்கவேண்டியிருந்தது.

அரண்மனை வாசலில் பலகை ஏறியது: 'வாடகைக்கு.'

அமைச்சர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "அரசத் துரோகம்! இறக்கு அதை!"

"பத்திரத்தைப் பாத்துட்டுப் பேசுங்கய்யா. வீட்டு உரிமையாளர், வாசல்புரி மக்கள் எல்லாரும் கூட்டா. குடியிருக்கிறவர், மகுடேந்திரர். தவணை அஞ்சு வருஷம். முடிஞ்சு ரெண்டு தை ஆகுது. தொடர்ந்து இருக்கணும்னா உரிமையாளருங்க கூடிச் சம்மதம் சொல்லணும்."

"பொய்ப் பத்திரம்!"

"உண்மைன்னு உங்க முத்திரை இருக்கே. முத்திரையே பொய்யின்னா, உங்க மைத்துனர் உரிமத்துல இருக்கறதும் அதுதானுங்களே?"

அமைச்சர் பலகை நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் நாங்கள் அனைவரும் எங்கள் வீட்டைப் பார்க்கப் போனோம். நன்றி கெட்டவர்கள் அல்ல நாங்கள். அந்தச் சட்டத்தை மன்னர் போட்டிராவிட்டால், அந்த மூட்டையை யார் பிரித்திருப்பார்கள்? எங்களுக்கு இப்படியொரு வீடு இருப்பது எங்களுக்கே தெரிந்திருக்காது. குளத்தோடு கூடிய வீடு! கிணற்று நீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உப்பில்லை.

குடிவர விரும்புகிறவர்களின் வரிசையில் கடைசி ஆளாக மகுடேந்திரரும் நின்றார். அவர் முறை வந்தது. பாக்கியக்கா எல்லோரிடமும் கேட்டதையே அவரிடமும் கேட்டாள்.

"வீட்டுல எத்தனை பேருங்க?"

"நானும் அரசியும். பணியாளர் நானூறு பேர்."

"இதுக்கு முன்னாடி எங்க குடியிருந்தீங்க?"

மன்னர் தொண்டையைச் செருமினார். "இங்கேதான்."

பாக்கியக்கா தலையை நிமிர்த்திக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். தரையிலிருந்து விட்டம் வரை மகுடேந்திரரின் படங்கள்; ஒவ்வொன்றைச் சுற்றியும் காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது.

"ஏங்க, சுவத்துல இத்தனை ஆணி அடிக்கிறதுக்கு முன்னாடி வீட்டுக்காரங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

பதிலுக்காக, வீட்டுக்காரர்கள் காத்துக்கொண்டு நின்றோம்.